சின்னப்பையனின் ஈரல்

வியாசர்பாடி
9 ஜனவரி 2025

டாக்டர் வல்லரசு அவர்களுக்கு,

மூன்றாம் மாடி செங்கொடி எழுதுகிறேன். சின்னப்பையன் பெண்டாட்டி. 'வல்லரசு அண்ணே' என்று தொடங்கி இரண்டு தாள் வீணாயிற்று. கை பழக்கத்தில் எழுதிவிடுகிறது, எனக்கு வாய் கசக்கிறது. இனி டாக்டர் என்றே எழுதுகிறேன்.

விலாசம் கேட்டு நான் மெசேஜ் போட்டதும் ஆறு தடவை போன் செய்தீர்கள். எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டேன். போனில் உங்கள் குரல் வரும். அந்தக் குரலைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் அழுகை வந்துவிடும், அழுதால் கேட்க வேண்டியதை மறந்துவிடுவேன். காகிதத்தில் குரல் வராது. அதனால்தான் இந்தக் காலத்தில் ஸ்டாம்ப் ஒட்டுகிறேன்.

போன மார்ச்சில் என் புருஷனுக்குப் பித்தப்பையில் கல் என்று திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இருக்கும் நீங்கள் வேலை பார்க்கும் நர்சிங் ஹோமில் சேர்த்தோம். சின்ன வயதிலிருந்து உங்கள் தோஸ்து அவர். வேறு யாரிடம் போவோம்? திங்கட்கிழமை ஆபரேஷன் செய்தீர்கள். வெள்ளிக்கிழமை பிணத்தைக் கொடுத்தீர்கள். "குடிச்ச ஒடம்பு தங்கச்சி, ஈரல் தாங்கல" என்று என் தலையில் கை வைத்துச் சொன்னீர்கள். பதினாறாம் நாள் படத்திறப்புக்கு டோலக்கோடு வந்து, தெருவே கூடி நிற்க, அவரைப் பற்றிக் கானா கட்டிப் பாடினீர்கள்.

ரிங்குல யாரும் சாய்க்காத சின்னப்பையா – உன்ன
கிளாஸுல ஊத்தி சாச்சது யார் நைனா

யாரோ அதைப் போனில் பிடித்து நெட்டில் ஏற்றிவிட்டார்கள். இன்று கொருக்குப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை எல்லார் போனிலும் கிடக்கிறது. போன ஞாயிறு ராயபுரத்தில் குத்துச்சண்டைப் போட்டி. அவரிடம் பழகிய பிள்ளைகள்தான் நடத்தினார்கள். கோச் நினைவாக என்று சொல்லி மைக் செட்டில் இதே பாட்டைப் போட்டார்கள். பதினொரு வருடம் ஒரு சொட்டுத் தொடாத மனிதனுக்கு, குடிகாரன் என்று நினைவு!

அங்கேதான் ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தாள். பெர்சிஸ். உங்களிடம் நர்ஸாக இருந்தவள். "அக்கா, இந்தப் பாட்டைக் கேட்டுட்டு எப்படிக்கா நிக்கிறீங்க?" என்றாள். பிறகு ஓரமாகக் கூட்டிப்போய்ச் சில விஷயங்கள் சொன்னாள். அதை இப்போது எழுதவில்லை. முதலில் நீங்கள் சொல்லுங்கள்.

என் புருஷன் குடித்துத்தான் செத்தாரா? ஆமா, இல்லை. ஒரு வார்த்தை போதும்.

செங்கொடி


அண்ணா நகர்
13 ஜனவரி 2025

அன்புத் தங்கச்சி செங்கொடிக்கு,

பொங்கல் நல்வாழ்த்து. உன் மகள் எழிலுக்கும் இந்த மாமாவின் ஆசி.

உன் கையெழுத்தைப் பார்த்ததும் சந்தோஷம். படித்தபின் நெஞ்சு வலித்தது. நீயா எனக்கு இப்படி எழுதுவது?

நம் பிளாக்கில் பிறந்து டாக்டரானவன் நான் ஒருவன்தான். பகலில் கல்லூரியில் பிணத்தை அறுத்துப் படித்தேன், சாயங்காலம் அப்பாவோடு சாவு வீட்டில் உட்கார்ந்து டோலக் அடித்தேன். "ரெண்டுல ஒண்ண வுடுடா" என்று ஊரே சொன்னது. விடவில்லை. முப்பது வருடத்தில் பதினோராயிரம் வயிறு திறந்திருக்கிறேன். டிவிக்காரர்கள் 'கானா டாக்டர்' என்கிறார்கள். கூட இருக்கும் டாக்டர்கள் அதே பெயரைச் சொல்லி முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறார்கள். நான் கவலைப்பட்டதில்லை. தையல் போடும்போதும் எனக்குத் தாளம் உண்டு. அதனால்தான் என் தையல் பிரிவதில்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். மருத்துவத்தில் ஆமா, இல்லை என்று ஒற்றை வார்த்தையில் சொல்ல முடியாதம்மா. விட்ட குடியும் உடம்பில் பதுங்கியிருக்கும். பத்து காரணம் சேர்ந்துதான் ஒரு உயிர் போகிறது. பெர்சிஸ் ஒழுங்கீனத்துக்காக அனுப்பப்பட்டவள். வேலை போனவள் வாயில் நல்லது வருமா?

பாட்டைப் பாட்டாகப் பார். கானாவில் சாவுக்கு ஒரு காரணம் இருந்தால்தான் கூட்டம் அழும். சின்னப்பையன் உயிரோடு இருந்து அந்தப் பாட்டைக் கேட்டிருந்தால் முதல் விசில் அவனுடையதாகத்தான் இருந்திருக்கும்.

எழிலை ஒருநாள் அனுப்பு. நர்சிங் ஹோம் லேபில் ஒரு இடம் பார்த்துத் தருகிறேன். அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை போனை எடு. இரண்டு நிமிடம் பேசினால் எல்லாம் சரியாகிவிடும்.

உன் அண்ணன்,
வல்லரசு


வியாசர்பாடி
18 ஜனவரி 2025

டாக்டருக்கு,

துக்கம் நடந்த வீட்டில் வருடம் திரும்பும்வரை பொங்கல் கிடையாது. சாவு வீட்டில் பாடியே வளர்ந்தவருக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் வாழ்த்தைப் படித்ததும் சோற்றில் முடி கிடந்த மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் மீதியைப் படித்தேன்.

உங்கள் நெஞ்சு, உங்கள் அப்பா, உங்கள் பதினோராயிரம் வயிறு எல்லாம் இருக்கிறது. என் புருஷன் வயிற்றைக் காணோம்.

துறைமுகத்தில் கிளியரிங் ஆபீஸில் நான் கடிதம் டைப் அடிக்கிறேன், உங்களுக்கே தெரியும். சரக்கு நனைந்து வந்தால் கப்பல்காரன் எழுதும் கடிதமும் உங்கள் கடிதமும் அண்ணன் தம்பி. கடல் கொந்தளித்தது, பெட்டி பழசு, எங்கள் கம்பெனிக்கு நூறு வருடப் பெயர். நாங்கள் திருப்பி மூன்று கேள்விதான் கேட்போம். எந்தத் தேதி, எந்த இடம், அப்போது சரக்கு யார் பொறுப்பில்? அதற்குமேல் கப்பல்காரனுக்குப் பேச்சு வராது.

நீங்கள் சொல்லாததால் பெர்சிஸ் சொன்னதை நானே எழுதுகிறேன். புதன்கிழமை சாயங்காலம் அவருக்கு வயிறு பானை மாதிரி உப்பிவிட்டது. நாடி நூற்று முப்பது. பெர்சிஸ் உங்களுக்கு மூன்று தடவை போன் செய்தாள். மூன்றாவது தடவைதான் எடுத்தீர்கள். பின்னால் டோலக் சத்தமும் மைக் டெஸ்டிங்கும் கேட்டதாம். "காஸ்தான் சிஸ்டர், எழுப்பி நடக்க வைங்க" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். நடக்க வைத்தோம். நான்தான் தோளைப் பிடித்து நடக்க வைத்தேன். "முடியலடி, உள்ள நெருப்பா கீது" என்றார். "டாக்டரே சொல்லிகீறாரு, நடங்க" என்று நான்தான் அதட்டினேன். இதை எழுதும்போது எனக்கு என் கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

கோர்ட்டுக்குப் போகமாட்டேன். உங்கள் லேப் வேலையும் வேண்டாம். எனக்கு வேண்டியது என் மகள்.

எழில் ஒன்பது வயதில் அப்பாவிடம் ஒரு பந்தயம் கட்டினாள். "நீ குடிய வுட்டுட்டா நான் கிளவுஸ் மாட்டிக்கிறேன்." அவர் அன்றைக்கே விட்டார். அவள் மாநில அளவில் போய் வெள்ளி வாங்கினாள். அந்த ஒரு வார்த்தையை இரண்டு பேரும் பிடித்துக்கொண்டுதான் பதினொரு வருடம் ஓட்டினார்கள். உங்கள் பாட்டைக் கேட்ட அன்றைக்கு அவள் என்னிடம் வந்து, "திருட்டுத்தனமா குடிச்சுகினேதான் எனக்குச் சத்தியம் பண்ணிகினு இருந்தாரா?" என்று கேட்டாள். இல்லையடி என்று தலையில் அடித்துக்கொண்டேன். "டாக்டர் மாமா வயித்த தொறந்து பாத்தவரு. நீ பாத்தியா?" என்றாள். கிளவுஸைப் பழைய சாமான்காரனுக்குப் போட்டாள். அப்பா செத்ததற்கு இன்றுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. மாலை போட்ட படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுகிறாள்.

உங்கள் அப்பா பாடும்போது ஒரு வழக்கம் வைத்திருந்தார், ஞாபகம் இருக்கிறதா? செத்தவர் எப்படிப் போனார் என்று வீட்டுப் பொம்பளையைக் கேட்காமல் அந்த அடியைப் பாடமாட்டார். வாசலில் நின்று கேட்பார், அவள் சொன்னபின்தான் டோலக்கைத் தொடுவார். நீங்கள் என்னைக் கேட்கவில்லை. டாக்டர் ஆயிற்றே, உங்களுக்குத் தெரியாதா!

செங்கொடி


அண்ணா நகர்
25 ஜனவரி 2025

செங்கொடி,

இதை நான்காவது தடவை எழுதுகிறேன்.

போன் வந்தது உண்மை. ராயபுரத்தில் மேடை. எட்டு வருடமாகக் காத்திருந்து கிடைத்த மேடை, நேரடி ஒளிபரப்பு. ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் நிறையப் பேருக்கு வயிறு உப்பும், பத்தில் ஒன்பது பேருக்கு அது காற்றுதான். அந்த ஒன்பதில் அவனைச் சேர்த்தேன். அங்கிருந்து நர்சிங் ஹோம் இருபது நிமிடம். போயிருக்கலாம்.

இன்னொன்றும் சொல்கிறேன். உன் கடிதம் 21ஆம் தேதி வந்தது. மறுநாள் தண்டையார்பேட்டையில் ஒரு விழாவில் பாடப் போனேன். கடிதம் சட்டைப்பையில் இருந்தது. கூட்டம் "சின்னப்பையன் பாட்டு! சின்னப்பையன் பாட்டு!" என்று கத்தியது. பாடமாட்டேன் என்று நினைத்துக்கொண்டேதான் மைக்கைப் பிடித்தேன். பாடினேன், செங்கொடி. நன்றாகவே பாடினேன். ஒன்ஸ்மோர் கேட்டார்கள். மறுபடியும் பாடினேன். கீழே இறங்கி மேடைக்குப் பின்னால் வாந்தி எடுத்தேன். என் வாயே எனக்கு நாறியது. இத்தனை வருடம் சீழையும் மலத்தையும் கையால் அள்ளியவன், எதற்கும் முகம் சுளித்ததில்லை.

அன்றைக்கு வந்து உட்கார்ந்து விடிவதற்குள் ஒரு புதுப் பாட்டுக் கட்டினேன். இத்துடன் வைத்திருக்கிறேன். முதல் நாலு வரி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

மன்னிச்சுடு தோஸ்து – என்
மாருமேல ஏறி மிதிச்சுடு தோஸ்து
ஒன்ன அறுத்த கையி இன்னிக்கி
சோத்துல வைக்கக் கூசுது தோஸ்து

மார்ச் 15, முதல் வருட நினைவு நாளில் உன் வாசலில் இதைப் பாடுகிறேன். பழைய பாட்டை இது அடித்துக்கொண்டு போய்விடும். எழில் கேட்கட்டும். ஊரே கேட்கட்டும்.

வல்லரசு


வியாசர்பாடி
30 ஜனவரி 2025

டாக்டருக்கு,

பாட்டைப் படித்தேன். நல்ல பாட்டு. மூன்று இடத்தில் விசில் பறக்கும், கடைசி அடியில் பொம்பளைகள் மூக்கைச் சிந்துவார்கள். "இன்னா மனசுப்பா டாக்டருக்கு!" என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள். ஒரு வாரத்தில் அதுவும் எல்லார் போனிலும் ஏறும். என் புருஷனைக் கொன்றதற்கும் உங்களுக்கு ஒன்ஸ்மோர் கிடைக்கும்.

ச்சீ! இருபது வரியில் உங்கள் கை, உங்கள் மார்பு, உங்கள் சோறு. அவர் குடிக்கவில்லை என்று ஒரு வரி எங்கே? தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை. வாந்தி எடுத்தேன் என்பதையும் என்னிடமே அழகாக எழுதி அனுப்புகிறீர்கள். கலீஜைக் கூட்டி அள்ளாமல் அதன்மேல் கோலம் போடும் வேலை இது.

பாட்டு வேண்டாம். என் வாசலில் உங்கள் டோலக் சத்தம் இனிமேல் கேட்கவே கூடாது.

ஆபரேஷன் முடிந்ததும் நீங்கள் ஒரு குறிப்பு எழுதுவீர்களாம், என்ன பார்த்தேன், என்ன செய்தேன் என்று. பெர்சிஸ் சொன்னாள். அதில் உவமையும் எதுகையும் இருக்காதாம். அந்த மாதிரி எழுதுங்கள். தேதி போட்டு எழுதுங்கள். இன்னொன்று. வயிற்றுக்குள் கேமரா விட்டால் ஈரல்தான் முதலில் தெரியுமாம், பித்தப்பை அதன் அடியில்தான் ஒட்டிக்கொண்டிருக்குமாம். அப்படியானால் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஈரல் எப்படி இருந்தது? பத்து மாதமாக ஊர் முழுக்க அவர் ஈரலைப் பற்றித்தான் பாடுகிறது.

பிப்ரவரி 16, ஞாயிறு, சாயங்காலம் நாலு மணி. அவர் பழக்கிய குத்துச்சண்டைக் கூடத்துக்கு வாருங்கள். அவர் பிள்ளைகள் எல்லாரும் இருப்பார்கள். நின்று வாசித்துவிட்டுப் போங்கள். எழிலை நான் கூட்டி வருகிறேன். நான் சொல்லி அவள் நம்பவில்லை, பெர்சிஸ் சொல்லியும் நம்பவில்லை. "டாக்டர் மாமா அவரு வாயால சொல்லட்டும்" என்கிறாள். இந்த வீட்டில் இன்றைக்கும் உங்கள் வாய்க்குத்தான் மதிப்பு. அதை நினைத்தால்தான் எனக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருக்கிறது.

செங்கொடி


அண்ணா நகர்
8 பிப்ரவரி 2025

செங்கொடி அவர்களுக்கு,

வாசிக்கப் போவதைக் கீழே எழுதியிருக்கிறேன். மாற்ற வேண்டியது இருந்தால் சொல்லவும்.

நோயாளி பெயர் சின்னப்பையன். வயது 52. துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டர். குத்துச்சண்டைப் பயிற்சியாளர்.

11 மார்ச் 2024, திங்கள், காலை 9.40. பித்தப்பைக் கல்லுக்காக நுண்துளை அறுவை. செய்தவர் வல்லரசு. பித்தப்பையைப் பிரிக்கும்போது என் கையிலிருந்த சூட்டுக் கருவி சிறுகுடலின் தொடக்கத்தில் பட்டது. கடுகு அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. ஒரு தையல் போட்டிருக்க வேண்டும். தானாக ஆறிவிடும் என்று விட்டுவிட்டேன். குறிப்பில் எழுதவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

13 மார்ச், புதன், மாலை 5.10 முதல் 5.45 வரை நர்ஸ் பெர்சிஸ் மூன்று முறை அழைத்தார். நான் ராயபுரத்தில் மேடையில் இருந்தேன். அந்த வெள்ளைப் புள்ளி எனக்கு ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தும் காற்று என்று சொன்னேன்.

14 மார்ச், வியாழன், காலை 7.30. வயிற்றை மறுபடி திறந்தேன். புள்ளி இருந்த இடத்தில் ஓட்டை. வயிறு முழுவதும் சீழ். கழுவித் தைத்தேன். நேரம் கடந்துவிட்டது.

15 மார்ச், வெள்ளி, காலை 11.20. இறந்தார். குடலில் நான் போட்ட ஓட்டையால் இறந்தார்.

பெர்சிஸ் ஒழுங்கீனத்துக்காக அனுப்பப்படவில்லை. இதைப் பற்றி நிர்வாகத்திடம் கேட்டார், அதனால் அனுப்பப்பட்டார். அனுப்பச் சொன்னது நான்.

ஈரலை இரண்டு முறை பார்த்தேன், திங்களும் வியாழனும். சுருக்கமில்லை, கொழுப்பில்லை, விளிம்பு கூர்மையாக இருந்தது. அந்த வயதில் அவ்வளவு சுத்தமான ஈரலை நான் அதிகம் பார்த்ததில்லை. குடித்ததற்கு எந்த அடையாளமும் இல்லை.

இதன் நகல் ஒன்றை நர்சிங் ஹோம் நிர்வாகத்திடம் நேற்றுக் கொடுத்தேன். திங்கள் முதல் வர வேண்டாம் என்றார்கள். 16ஆம் தேதி நாலு மணிக்கு வருகிறேன்.

வல்லரசு


வியாசர்பாடி
16 பிப்ரவரி 2025

டாக்டருக்கு,

இதுதான் கடைசிக் கடிதம்.

வந்தீர்கள், வாசித்தீர்கள். 'துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டர்' என்ற இடத்திலேயே உங்கள் குரல் பழக்கத்தில் ராகத்துக்குப் போனது. எழில் பின்னாலிருந்து, "இழுக்காத மாமா. நேரா படி" என்று கத்தினாள். அதற்குப்பின் நேராகப் படித்தீர்கள். அவ்வளவு கேவலமான குரலில் நீங்கள் பேசி நான் கேட்டதே இல்லை. அதனால் எல்லாருக்கும் எல்லா வார்த்தையும் புரிந்தது.

முடிந்ததும் முன்வரிசைப் பெரியவர் ஒருவர், "தப்ப ஒத்துக்க ஒரு தில்லு வேணும்பா" என்று கைதட்ட ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்த பட்டம்மாள் அக்கா அவர் கையைப் பிடித்து மடியில் இறக்கி வைத்தாள். அந்தக் கைதட்டல் கேட்டதும் உங்கள் முகத்தில் ஒரு வினாடி என்னவோ வந்து போனது. நான் பார்த்தேன். அதை மட்டும் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

எழில் எழுந்து வந்து உங்கள் முன்னால் நின்றாள். "அந்தப் பாட்ட பாடசொல்லோ இதெல்லாம் உனுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். "தெரியும்" என்றீர்கள். அவள் துப்பினாள். உங்கள்மேல் படவில்லை, உங்கள் செருப்புக்குப் பக்கத்தில் விழுந்தது. நீங்கள் குனிந்து உங்கள் கர்சீப்பால் அதைத் துடைத்துக்கொண்டு போனீர்கள். யாரும் உங்களைத் தடுக்கவில்லை, யாரும் வழியனுப்பவும் இல்லை.

நீங்கள் போனபின் பிள்ளைகள் போனை எடுத்து அந்தப் பாட்டை அழிக்க ஆரம்பித்தார்கள். அழித்தால் போகுமா, ஆயிரம் போனில் இருக்கிறது. எனக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. பஸ்ஸில் யாராவது பாடினால் நான் இறங்கி நடந்துவிடுவேன். நான் கேட்டது ஒருத்திக்காக.

எழில் எனக்கு முன்னால் வீட்டுக்கு நடந்தாள். மூன்று மாடி ஏறினாள். செருப்பைக் கழற்றினாள். படத்துக்கு முன்னால் போய் நின்று, "நைனா, நீ குடிக்கலையா?" என்று ஒரு கேள்விதான் கேட்டாள். தரையில் விழுந்து மாரில் அடித்துக்கொண்டு கதறுகிறாள். எதிர்வீட்டுச் சொக்கம்மாள் ஓடிவந்து அவள் கூந்தலை முடிந்துவிட்டு, கட்டிப்பிடித்துக்கொண்டு தானும் அழுகிறாள். கீழ்மாடியிலிருந்து ஒவ்வொருத்தராக ஏறி வருகிறார்கள். வாசல் முழுக்கச் செருப்பு.

பதினொரு மாதம் கழித்து இன்றைக்குத்தான் என் வீட்டில் சாவு விழுந்திருக்கிறது. இந்தச் சாவுக்கு நீங்கள் வர வேண்டாம்.

செங்கொடி